நிலவின் மறுபக்கக் குழிக்கு யார் பெயர்? தேடிப் பிடிக்கும் வழி

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் பெரிய பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வேலை இது. நிலவின் மறுபக்கத்தில் ஒரு கிண்ணக்குழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு யார் பெயர், ஏன் அந்தப் பெயர், எப்போது வைத்தார்கள் என்று கண்டுபிடித்துத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். "எங்கே ஆரம்பிக்கிறது ஆன்ட்டி?" என்று பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம் கேட்கிறார்கள். அதனால் முழு வழியையும் எழுதி வைத்துவிடுகிறேன். தேவையானவை: இணையம் உள்ள போன், ஒரு பந்து, மார்க்கர் பேனா, தையல் டேப், கோயிலில் கொடுக்கும் தமிழ் நாட்காட்டி. டெலஸ்கோப் வேண்டாம். இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

தெரிகிற பக்கம் இருக்க, தெரியாத பக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். தெரிகிற பக்கத்துப் பெரிய பெயர்களில் பல, 1651-இல் ரிச்சியோலி என்ற இத்தாலியப் பாதிரியார் வெளியிட்ட வரைபடத்திலிருந்து வந்தவை: டைக்கோ, கோப்பர்நிக்கஸ், பிளேட்டோ. இவர்களைக் கொடுத்தால் பிள்ளைகள் முதல் தேடலில் வருவதை அப்படியே இறக்கி வைத்துவிடுவார்கள். மறுபக்கம் அப்படியல்ல. 1959 அக்டோபர் 7-ஆம் தேதி சோவியத் நாட்டின் லூனா 3 எடுத்த படங்களுக்கு முன்னால் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்றே ஒருவருக்கும் தெரியாது. 1966, 1967-இல் அமெரிக்காவின் லூனார் ஆர்பிட்டர் கலங்கள் இன்னும் தெளிவான படங்களை அனுப்பின. அவற்றை வைத்து சர்வதேச வானியல் ஒன்றியம் 1970-இல் பெரும்பாலான பெயர்களை ஒரே மூச்சில் வைத்தது. ஆகவே அங்கே இருப்பவர்களில் நிறையப் பேர் 19, 20-ஆம் நூற்றாண்டு மனிதர்கள். பிறந்த ஊர், பார்த்த வேலை, இறந்த ஆண்டு எல்லாம் எழுத்தில் கிடைக்கும். சிலர் வேலை பார்த்த கட்டடம் நம் ஊரிலேயே நிற்கிறது.

டர்பனில் பிறந்து வளர்ந்த என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, யாரும் பாக்காத எடத்துக்குப் பேரு வச்சி என்னா பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. பார்க்காத இடம் இப்போது போய் இறங்கும் இடமாகிவிட்டது என்று சொன்னேன். 2019 ஜனவரி 3-ஆம் தேதி சீனாவின் சாங்'இ 4 மறுபக்கத்தில் வான் கார்மன் என்ற குழிக்குள் இறங்கியது. 2024 ஜூனில் சாங்'இ 6 அப்பல்லோ என்ற பெரும்பள்ளத்திலிருந்து 1,935 கிராம் மண்ணை அள்ளிக்கொண்டு வந்தது. பெயர் இல்லையென்றால் எந்த இடத்து மண் என்று எப்படிச் சொல்வது?

பிள்ளைகளிடம் முதலில் தெளிவாக்க வேண்டிய சங்கதி, மறுபக்கம் நமக்கு ஏன் தெரிவதில்லை என்பது. கோயிலில் பிரகாரம் சுற்றும்போது நம் வலப்பக்கம் எப்போதும் சன்னதியைப் பார்த்தே இருக்கும். உள்ளே இருப்பவருக்கு நம் இடப்பக்கம் தெரியவே தெரியாது. ஆனாலும் ஒரு சுற்று முடிவதற்குள் நாமும் நாலு திசையையும் பார்த்து ஒரு முறை திரும்பிவிடுகிறோம். நிலவும் பூமியை ஒரு முறை சுற்ற எடுக்கும் அதே 27.3 நாளில் தன்னைத்தானே ஒரு முறை சுற்றிக்கொள்கிறது. அதனால் ஒரே முகம். லேசான ஆட்டம் உண்டு. அந்த ஆட்டத்தால் கொஞ்சம் கொஞ்சமாக மொத்தப் பரப்பில் 59 சதவீதம் வரை பூமியிலிருந்து பார்த்துவிடலாம். மீதி 41 சதவீதம் விண்கலத்துக்குத்தான். "இருண்ட பக்கம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். அங்கேயும் இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. அந்தப் பகலை நாட்காட்டியில் கண்டுபிடிக்கும் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

இனிப் பெயரைத் தேர்ந்தெடுப்பது. படத்தைப் பார்த்து அழகான குழியைத் தேர்ந்தெடுத்தால் வேலை பாதியில் நின்றுவிடும். ஊரிலிருந்து ஆரம்பியுங்கள். இந்த நாட்டிலிருந்து வானத்தைப் பார்த்தவர்கள் பலருக்கு மறுபக்கத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கேப் டவுன் ராயல் வானாய்வகத்துக்குத் தலைமை வகித்தவர்களில் தாமஸ் ஹெண்டர்சன், ஹரால்ட் ஸ்பென்சர் ஜோன்ஸ், ஜான் ஜாக்சன் ஆகிய மூவரும் அங்கே இருக்கிறார்கள். புளூம்ஃபொன்டைன் அருகே பாய்டன் வானாய்வகத்தை நடத்திய பராஸ்கெவோபுலோஸ் இருக்கிறார். (பெயர் நீளமாக இருந்தால் பக்கம் சீக்கிரம் நிறையும் என்று ஒரு பையன் இவரைத்தான் எடுத்தான். கெட்டிக்காரன்.) ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வான் டென் பாஸ், இன்னஸ் என்று இருவர். நான் இங்கே இன்னஸை எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டிலிருந்து காரில் போய்விடக்கூடிய தூரத்தில் வேலை பார்த்தவர்.

பெயர் முடிவானதும் போக வேண்டிய இடம் கூகுள் அல்ல. அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.எஸ். என்ற நிலவியல் ஆய்வு நிறுவனம், வானியல் ஒன்றியத்துக்காக நடத்தும் கெசட்டியர் ஒன்று இருக்கிறது: கோள்கள், நிலவுகள் எல்லாவற்றின் அதிகாரபூர்வப் பெயர்ப் பட்டியல். 'கெசட்டியர் ஆஃப் பிளானட்டரி நாமன்கிளேச்சர்' என்று ஆங்கிலத்தில் தேடினால் முதலில் வரும். உள்ளே போய்க் குழியின் பெயரைத் தட்டுங்கள். குறுக்குக்கோடு, நெடுக்குக்கோடு, விட்டம், பெயர் ஏற்கப்பட்ட ஆண்டு, பெயர் யாருடையது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் ஆணிவேர். அதில் முழுப்பெயர், நாடு, தொழில், பிறப்பு இறப்பு ஆண்டுகள் இருக்கும். இந்த வரியை நோட்டில் எழுதிய பிறகுதான் வேறு எங்கும் தேட வேண்டும்.

நெடுக்குக்கோட்டில் ஒரு சிக்கல் உண்டு. சில இடங்களில் 0 முதல் 360 வரை கிழக்காகவே எண்ணுவார்கள். சில இடங்களில் கிழக்கு 180, மேற்கு 180 என்று பிரிப்பார்கள். ஜாக்சன் குழி ஒரு படத்தில் மேற்கு 163, இன்னொன்றில் கிழக்கு 197 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், 360-இலிருந்து கழித்துப் பாருங்கள். கிழக்காகவே எண்ணும்போது 90-க்கும் 270-க்கும் இடையில் வருவதெல்லாம் மறுபக்கம்.

அடுத்தது பெயர்க் குழப்பம். இதில்தான் மதிப்பெண் போகிறது. போஸ் என்று ஒரு குழி மறுபக்கத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் போஸ் என்றால் நேதாஜிதான் நினைவுக்கு வருவார். கொஞ்சம் படித்த பிள்ளை சத்யேந்திரநாத் போஸ் என்று எழுதும். இருவரும் இல்லை. அது ஜகதீஷ் சந்திர போஸ். அதேபோல் ஃபின்சன். ஜோகன்னஸ்பர்க் வானாய்வகத்தின் இயக்குநராக வில்லியம் ஃபின்சன் என்று ஒருவர் இருந்தார். ஊர்ப்பாசத்தில் குழி அவருடையது என்றே நினைப்போம். அது 1903-இல் நோபல் பரிசு பெற்ற டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுடையது. தெரிகிற பக்கத்தின் ஓரத்தில் உள்ள பார்னார்ட், 1967-இல் கேப் டவுனில் இதயமாற்று அறுவை செய்த மருத்துவர் அல்ல, அமெரிக்க வானியலாளர். கெசட்டியர் வரியில் உள்ள பிறப்பு இறப்பு ஆண்டுகளோடு ஒத்துப்பார்க்காமல் எந்த வாழ்க்கை வரலாற்றையும் படிக்கத் தொடங்காதீர்கள்.

யார் பெயரை வைக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. நிலவின் பெரிய குழி என்றால், தன் துறையில் பெயர் பெற்ற அறிவியலாளர், அறிஞர், கலைஞர், ஆய்வுப்பயணி ஆகியோரில் ஒருவராக இருக்க வேண்டும். இறந்து குறைந்தது மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு தொடங்கி வந்த அரசியல்வாதிகளுக்கு இடமில்லை. இதைச் சொன்னால் வகுப்பில் பெரியவர்கள்தான் அதிகம் கைதட்டுகிறார்கள்.

இப்போது இன்னஸ். ராபர்ட் தார்பர்ன் ஏட்டன் இன்னஸ், 1861-இல் எடின்பரோவில் பிறந்தவர். பன்னிரண்டு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கணக்கைத் தானே படித்து, பதினேழு வயதில் ராயல் வானியல் சங்கத்தில் உறுப்பினரானார். பிறகு ஆஸ்திரேலியா போய் சிட்னியில் ஒயின் வியாபாரம். இரவில் இரவல் தொலைநோக்கியில் இரட்டை விண்மீன் தேடல். 1896-இல் கேப் வானாய்வகத்தில் அலுவலக வேலைக்கு வந்தார். வானம் பார்க்கும் வேலை அல்ல, எழுத்தர் வேலை. அங்கிருந்து 1903-இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு அழைத்தார்கள். டிரான்ஸ்வால் வானிலை ஆய்வகம் என்று தொடங்கிய அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வானாய்வகமாக மாற்றினார். 1912-இல் அது யூனியன் வானாய்வகம் ஆனது. ஊரின் கிழக்கே அந்தக் குன்று இருக்கும் பேட்டைக்கே இன்றும் அப்சர்வேட்டரி என்றுதான் பெயர். அவர் காலத்தில் கேட்டு வாங்கிய 26½ அங்குலப் பெரிய தொலைநோக்கி 1925-இல்தான் நிறுவப்பட்டது. 1927-இல் ஓய்வு பெற்றுவிட்டார். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவரின் பெயரில் நிலவில் ஒரு குழி என்பதைப் பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குள் ஒரு தயக்கம் உண்டு. வீட்டுப்பாடம் கொடுக்கும் நானே எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் நின்றது 1915-இல் செய்த ஒரு காரியத்தால். 1910-இலும் 1915-இலும் எடுத்த இரண்டு புகைப்படத் தகடுகளை ஒரு கருவியில் வைத்து, கண் முன்னால் ஒன்று மாற்றி ஒன்று வரும்படி ஆட்டிப் பார்த்தார். எல்லா விண்மீன்களும் அசையாமல் நிற்க, மங்கலான ஒரு புள்ளி மட்டும் குதித்தது. அதுதான் பிராக்சிமா சென்டாரி. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன், 4.24 ஒளியாண்டு. பிராக்சிமா என்ற பெயரையும் 1917-இல் அவரே முன்மொழிந்தார். இதைப் போனிலேயே செய்து காட்டலாம். வெள்ளி அல்லது செவ்வாய்க்குப் பக்கத்தில் பிரகாசமான விண்மீன்கள் இருக்கும் ஒரு வாரத்தில், போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து ஒரு படம். நாலைந்து நாள் கழித்து அதே இடத்திலிருந்து இன்னொரு படம். விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி வெட்டிச் சரிசெய்து, கேலரியில் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கோள் மட்டும் குதிக்கும். இன்னஸ் என்ன செய்தார் என்று அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ஆளைப் பிடித்தாயிற்று, இனி இடம். பந்தில் குறித்துவிட்டுத் திரைக்குப் போங்கள். முதலில் திரையைத் திறந்தால் மறுபக்கம் என்பது வெறும் இன்னொரு படமாகிவிடும். சுற்றளவு 72 செ.மீ. உள்ள பந்து கிடைத்தால் கணக்கு சுலபம்: ஒரு செ.மீ. என்றால் 5 பாகை. வேறு அளவென்றால், பாகையைப் பந்தின் சுற்றளவால் பெருக்கி 360-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வட்டம் வரையுங்கள், அது நிலநடுக்கோடு. அதில் ஒரு புள்ளி வைத்து 0 என்று எழுதுங்கள். அதுதான் நம்மைப் பார்க்கும் முகத்தின் நடு. வடதுருவத்தை மேலே வைத்து, வலப்பக்கம் 18 செ.மீ. போனால் 90 பாகை. அதோடு நாம் பார்க்கும் நிலவு முடிந்தது. அங்கே மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். இடப்பக்கமும் அப்படியே.

இன்னஸ் குழி ஏறத்தாழ வடக்கு 27.8, கிழக்கு 119.2-இல் இருக்கிறது. நடுக்கோட்டில் 23.8 செ.மீ. அளந்து, அங்கிருந்து நேராகத் துருவத்தை நோக்கி 5.6 செ.மீ. ஏறிப் புள்ளி வையுங்கள். முதலில் மேலே ஏறிவிட்டுப் பிறகு பக்கவாட்டில் அளந்தால் தப்பாகும், ஏனென்றால் துருவத்தை நெருங்க நெருங்க வட்டம் சிறுக்கும். குழியின் விட்டம் 42 கி.மீ.; பந்தில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. மார்க்கர் முனையே அதைவிடத் தடிமன், பரவாயில்லை. சிவப்புக் கோட்டிலிருந்து குழி எவ்வளவு தூரம் என்று பார்த்தால், நிலவின் தரையில் ஏறத்தாழ 780 கி.மீ. இங்கிருந்து டர்பன் வரை போய், அதற்குமேல் இன்னும் இருநூறு கிலோமீட்டர். நிலவு எவ்வளவு ஆடினாலும் எட்டு பாகைக்குமேல் திரும்பாது. இன்னஸ் 29 பாகை உள்ளே இருக்கிறது. நம் கண்ணுக்கு என்றைக்கும் வராது.

பந்தில் இன்னும் ஒரு புள்ளி வையுங்கள்: நடுக்கோட்டில் 29.6, மேலே 5.5. அது மாஸ்கோ கடல், லூனா 3 படத்திலேயே தெரிந்த கருந்திட்டு (பெயர்தான் கடல், தண்ணீர் கிடையாது). சிவப்புக் கோட்டுக்கும் மாஸ்கோ கடலுக்கும் நட்டநடுவில், ஏறக்குறைய அதே உயரத்தில் இன்னஸ். இந்த அடையாளம் திரையில் கைகொடுக்கும். ஏனென்றால் மறுபக்கத்தில் வழி கேட்க ஆளில்லை: நம் பக்கத்தில் 31 சதவீதம் கருந்திட்டுக் கடல்கள், அந்தப் பக்கத்தில் ஒரு சதவீதம் அளவுதான். மற்றதெல்லாம் குழிமேல் குழி. நினைவில் வைக்க மாஸ்கோ கடல், கரிய அடித்தளம் கொண்ட 185 கி.மீ. சியோல்கோவ்ஸ்கி குழி, வெள்ளைக் கதிர்கள் சிதறிய ஜாக்சன், இந்த மூன்று போதும்.

திரைக்கு 'எல்.ஆர்.ஓ.சி. குவிக்மேப்' என்று தேடுங்கள். 2009-இல் ஏவப்பட்ட லூனார் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர் எடுத்த படங்களை ஒட்டிய வரைபடம், இலவசம். தேடும் பெட்டியில் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தால் நேரே கொண்டுபோய் நிறுத்தும். ஆனால் பிள்ளைகளை அப்படிச் செய்ய நான் விடுவதில்லை. உருண்டையாகக் காட்டும் அமைப்புக்கு மாற்றி, நம் பக்கத்துக் கிரிசியம் கடலிலிருந்து கிழக்கே உருட்டி, விளிம்பைத் தாண்டி, பந்தைப் பார்த்துக்கொண்டே தேடச் சொல்கிறேன். தேடிக் கிடைத்த குழியின் படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, நடுவில் மேடு உண்டா, விளிம்பு கூராக இருக்கிறதா மழுங்கியிருக்கிறதா என்று நாலு வரி அவர்கள் கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். விளிம்பு மழுங்கி, மேலே வேறு குழிகள் விழுந்திருந்தால் அது பழையது. ஜாக்சன் போல வெள்ளைக் கதிர்கள் இருந்தால் இளையது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

வரைபடத்தில் பெரிய குழிகளைச் சுற்றிப் பெயரோடு ஓர் ஆங்கில எழுத்து ஒட்டிய சின்னக் குழிகள் இருக்கும். மறுபக்கத்தில் அந்த எழுத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கடிகார முகப்பு போலச் சுற்றி 24 எழுத்துகள் (ஐ, ஓ இரண்டையும் விட்டுவிட்டார்கள்). இசட் என்றால் வடக்கு, எஃப் கிழக்கு, எம் தெற்கு, டி மேற்கு. 'டி' என்றது பி, கியூ வரிசையில் வரும் டி, நாலாம் எழுத்தல்ல. ஆகவே ஒரு பெயரோடு எஃப் ஒட்டியிருந்தால் அது தாய்க்குழிக்குக் கிழக்கே இருக்கிறது என்று படம் பார்க்காமலே சொல்லலாம். நம் பக்கத்தில் இந்த ஒழுங்கு கிடையாது. பின்னால் பெயர் வைத்தவர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது நாட்காட்டியை எடுங்கள். அமாவாசை அன்று சூரியன் நிலவுக்கு அந்தப் பக்கம். நமக்கு நிலா இல்லை. மறுபக்கம் முழுவதும் பகல், அதன் நடுவில் உச்சிப்பகல். பௌர்ணமி அன்று நாம் நிலாவெளிச்சத்தில் இருக்கும்போது அங்கே முழு இரவு. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் நாளில் மறுபக்கம் இருட்டு. ஒரு குறிப்பிட்ட குழிக்கு இன்னும் துல்லியமாகவே சொல்லலாம். வெளிச்சத்தின் எல்லை நாளொன்றுக்குச் சுமார் 12 பாகை மேற்கே நகர்கிறது. இன்னஸ் விளிம்பிலிருந்து 29 பாகை உள்ளே இருப்பதால், அமாவாசைக்கு ஏறத்தாழ இரண்டரை நாள் முன்னால் அங்கே பொழுது விடியும். பௌர்ணமிக்கு இரண்டரை நாள் முன்னால் பொழுது சாயும். பிள்ளைகள் தங்கள் பக்கத்தின் மேலே "நான் இதை எழுதும்போது என் குழியில் பகல்" என்றோ "இரவு" என்றோ எழுதினால் நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். இந்தக் கணக்கு கிழக்கு விளிம்பைத் தாண்டிய குழிகளுக்கு. ஜாக்சன் போல மேற்கு நெடுக்குக்கோட்டில் இருப்பவற்றுக்கு எதிர்த்திசையில் கணக்கிட வேண்டும். டார்ச்சை அடித்துக்கொண்டு பந்தைச் சுற்றிப் பார்த்தால் விளங்கிவிடும்.

வானத்தில் பார்க்கவும் கொஞ்சம் இருக்கிறது. மூன்றாம் பிறை, நான்காம் பிறை நாளில் ஒளிரும் விளிம்பை ஒட்டித் தனியாக ஒரு கரும்புள்ளி தெரியும். அதுதான் கிரிசியம் கடல். அந்த விளிம்புக்குப் பின்னால், சற்று வடக்கே தள்ளி இன்னஸ். இங்கே வடக்கு எது என்பதில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தடுமாறுவார்கள். வரைபடங்கள் வடக்கை மேலே வைத்தே வரையப்பட்டவை. ஜோகன்னஸ்பர்க்கில் நிலா பெரும்பாலும் நமக்கு வடக்குப் பக்கமாகப் போவதால் தலைகீழாகத் தெரியும். வடை சுடும் பாட்டி இங்கே கவிழ்ந்துதான் கிடக்கிறாள். வரைபடத்தை 180 பாகை திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். பைனாகுலர் இருந்தால் மாதம்தோறும் பௌர்ணமியில் கிரிசியத்துக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைப் படமெடுத்து ஒப்பிடுங்கள். ஒரு மாதம் அகலமாக, ஒரு மாதம் ஒடுங்கி இருக்கும். நான் மேலே சொன்ன ஆட்டம் இதுதான்.

குளிர்காலம்தான் இதற்கு நல்லது. ஜூன், ஜூலையில் ஹைவெல்ட் என்ற நம் மேட்டுநிலத்தில் மேகம் அதிகம் இருக்காது; கோடையில் மாலையானால் இடிமழை. லோட்ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) இருந்த நாள்களில் வானம் இன்னும் கருத்திருந்தது என்பதை முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் குளிர்கால மாலையில் தெற்கே பாருங்கள். தென்சிலுவையும், அதைச் சுட்டிக் காட்டுவதுபோல் இரண்டு பெரிய விண்மீன்களும் உயரத்தில் இருக்கும். இரண்டில் சிலுவைக்குத் தொலைவாக உள்ளது ஆல்ஃபா சென்டாரி. இந்த ஒரு விண்மீனின் கதையில் மறுபக்கத்துக் குழிக்காரர்கள் மூவர் வருகிறார்கள். அதனால்தான் இன்னஸைத் தேர்ந்தெடுத்தேன். இதற்குச் சுமார் இரண்டு பாகை தள்ளி, வெறும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது இன்னஸ் கண்டுபிடித்த பிராக்சிமா. ஆல்ஃபா சென்டாரி எவ்வளவு தொலைவு என்று கேப் டவுனில் 1832, 1833-இல் அளந்தவர் ஹெண்டர்சன். அளந்ததை உடனே வெளியிடாமல் வைத்திருந்தார். 1838-இல் பெசல் என்ற ஜெர்மன் வானியலாளர் வேறொரு விண்மீனின் தொலைவை அறிவித்துவிட, ஹெண்டர்சனின் கணக்கு 1839-இல் இரண்டாவதாக வந்தது. பந்தில் அவர் இடம்: வலப்பக்கம் 30.4, மேலே ஏறத்தாழ 1 செ.மீ.

மூன்றாமவர் நம்மூர்க்காரர் என்றே சொல்வேன். பிராக்சிமா ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை? அதன் ஒளித்தரம் 11 (எண் கூடக் கூட மங்கல்). நல்ல இருட்டில் நம் கண் 6 வரை பார்க்கும். ஐந்து படி வித்தியாசம் என்றால் நூறு மடங்கு மங்கல். ஐந்து படிக்குச் சரியாக நூறு மடங்கு என்ற இந்தக் கணக்கை 1856-இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். 1861-இல் மதராஸ் வானாய்வகத்துக்கு வந்தார். அது நுங்கம்பாக்கத்தில் இருந்தது. வந்த ஆண்டே அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ஆசியா என்று பெயர் வைத்தார். 1891-இல் இறக்கும்வரை மதராஸில்தான் இருந்தார். அவர் குழி 50 கி.மீ., தெற்கு 42.2, கிழக்கு 110.5. பந்தில் 22.1 செ.மீ. போய், கீழே 8.4 இறங்குங்கள்.

"தமிழர் யாருமே இல்லையா ஆன்ட்டி?" என்று கட்டாயம் கேட்பார்கள். திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமனுக்கு ஒரு குழி உண்டு. ஆனால் அது தெரிகிற பக்கத்தில். டெலஸ்கோப் உள்ளவர்கள் அரிஸ்டார்க்கஸ் என்ற பளிச்சென்ற குழியின் பக்கம் தேடலாம்.

எழுதும்போது வரிசை முக்கியமில்லை. ஆள், இடம், ஆண்டு, கண்ணால் பார்த்தது நாலு வரி, பகலா இரவா. இவை இருந்தால் சரி. பெயரைத் தமிழில் எப்படி ஒலிக்கிறதோ அப்படி எழுதலாம், ஒரே மாதிரி கடைசிவரை எழுதினால் போதும். வாழ்க்கை வரலாற்றை முழுதாக இறக்கி வைக்க வேண்டாம். அவர் வானத்தில் என்ன செய்தார் என்று ஒரு பத்தி மட்டும். அந்தப் பத்தியை வாசித்துக் காட்டச் சொல்லி, நடுவில் நிறுத்தி, "அப்படின்னா என்ன?" என்று ஆயாவோ தாத்தாவோ கேளுங்கள். பதில் வந்தால் பிள்ளை தானே எழுதியது.

அடுத்த முறைக்கு எவர்ஷெட் என்ற குழியைத் தருகிறேன். 66 கி.மீ. விட்டம். பந்தில் 0-விலிருந்து இடப்பக்கம் 31.9 செ.மீ., அங்கிருந்து மேலே 7.1. ஆள் கொடைக்கானலில் இருந்தவர். 1909 ஜனவரியில் சூரியப் புள்ளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கண்டார் என்பதையும், அமாவாசைக்கு எத்தனை நாள் கழித்து அந்தக் குழியில் பொழுது சாயும் என்பதையும் நீங்கள் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள். பந்தை மறக்காதீர்கள், போன முறை பாதிப் பேர் ரக்பி பந்து கொண்டுவந்தார்கள்.